இயன் கர்ட்டிஸைப் பற்றி உனக்கு

அன்புள்ள கதிருக்கு,

இயன் கர்ட்டிஸின் அந்தத் துயரம் இல்லாவிட்டால், அவர் பாடகராக இருந்த ஜாய் டிவிஷன் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் பாடல்களே பிறந்திருக்காது என்று எழுதியிருந்தாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. உன்னிடம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இயன் கர்ட்டிஸ் இங்கிலாந்தின் மாக்கிள்ஸ்ஃபீல்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தரும் பணியில் இருந்தவர். அங்கே வந்துபோய்க்கொண்டிருந்த, வலிப்பு நோய் கண்ட ஒரு பெண்தான் ‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ பாடலுக்குக் காரணம். இன்னொருவரின் வேதனையை அவ்வளவு கூர்ந்து பார்த்த மனமும் சொல்லாற்றலுமே அந்தப் பாட்டை எழுதின. 1979இல் வெளிவந்த ‘அன்னோன் பிளஷர்ஸ்’ தொகுப்பில் நீ வியக்கும் அந்தக் குளிர்ந்த வெறுமைகூட, ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஒலிப்பதிவுக் கூடத்தில் இசைத் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் டிரம்ஸின் ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியே பிரித்துப் பதிவுசெய்து, பொறுமையாக உருவாக்கியது, அது உழைப்பு.

நோய் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை, பறித்துக்கொண்டுதான் போயிற்று. 1979 தொடக்கத்தில் அவருக்கும் வலிப்பு நோய் என்று தெரிந்த பிறகும், உறக்கத்தைக் கெடுக்கும் இரவுப் பயணங்களும் மேடை விளக்குகளும் நிற்கவில்லை. மனத்தைச் சோர்வில் ஆழ்த்தக்கூடிய மாத்திரைகள் வேறு. 1980 ஏப்ரலில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனைக்குப் போனவரை, ஓரிரு நாட்களில் பெரி நகர மேடையில் பாட வைத்தார்கள். அவரால் முழு நிகழ்ச்சியையும் பாட முடியவில்லை. அரங்கில் கலவரம் மூண்டது. அமெரிக்கப் பயணத்துக்கு முந்தைய நாளான மே 18 அன்று, 23 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவர் எழுதிய வரிகளைச் சிறந்த எழுத்தாக மட்டுமே கேட்டோம், அவர் தம்மைப் பற்றிச் சொல்கிறார் என்று உணரவில்லை என குழுவில் அவருடன் இசைக்கருவி வாசித்தவர்கள் பின்னாளில் வருந்தியிருக்கிறார்கள். அவர்களும் இளைஞர்கள், நான் அவர்களைக் குறை கூற மாட்டேன். ஆனால் நான் உன் தகப்பன், எனக்கு அந்தச் சாக்கு கிடையாது.

பல நாட்களாகத் தூக்கமில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். எனக்கு அனுப்பும் பாட்டுகளுக்குப் பதிலாக, எப்போதிலிருந்து, என்ன நினைவுகள் வருகின்றன என்று வெறும் சொற்களில் எழுது. இந்த வாரமே மருத்துவரைப் பார். வேலையில் விடுப்புக் கேள். நான் வர வேண்டுமென்றால் எந்த நேரமானாலும் அழை, உடனே புறப்பட்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா