வேலிக்குள்ளும் சிக்கல் உண்டு

ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியாவில் 1788-க்குப் பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் அற்றுப்போயின. இதற்குக் காட்டுத்தீயே காரணம் என்போர் உண்டு; பழியை அதன் மீது மட்டும் போடுவது தவறு. பலவற்றைத் தின்று தீர்த்தவை, குடியேறியவர்கள் கொண்டுவந்த பூனையும் செந்நரியும்தான்.

நரிக்கு 1080 என்ற நஞ்சு கலந்த இறைச்சித் துண்டு வைக்கிறார்கள். தென்மேற்குப் பகுதிச் செடிகளில் அந்த நஞ்சு இயல்பாகவே இருப்பதால், அந்த மண்ணுக்கே உரிய விலங்குகள் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. பூனையோ உயிருள்ள இரையைத்தான் தேடும். வைத்த துண்டை எளிதில் தொடாது.

அதனால்தான் வேலி. தெற்கு ஆஸ்திரேலியாவின் ராக்ஸ்பி டவுன்ஸ் ஊர் அருகே 'ஏரிட் ரெக்கவரி' காப்பகத்தின் கம்பிவலை 1.8 மீட்டர் உயரம். உச்சிப் பகுதி வெளிப்பக்கமாக வளைந்து தளர்வாகத் தொங்கும். பூனை பற்றினால் ஆடும், பிடி கிடைக்காது. அடிவலை தரையோடு படர்ந்து, தோண்டுவதைத் தடுக்கும். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைப் பதிவுசெய்யும் உலகச் செம்பட்டியலில் 'அழிவாய்ப்பு இனம்' என்றுள்ள, நீள்காது கொண்ட பில்பி என்ற சிறு பாலூட்டி உள்ளே நிலைத்துவிட்டது, பெரிய சாதனை! ஆனால் வளைதோண்டும் பெட்டாங்குகள் என்ற, கங்காரு போன்ற சிறு விலங்குகள், கொல்ல எதிரியின்றி அளவுமீறிப் பெருகிச் செடிகளை மேய்ந்து தீர்த்தன. வெளியே மட்டும் போகவிடும் ஒருவழிக் கதவுகள் பொருத்த வேண்டியதாயிற்று.

இத்தகைய திட்டங்களுக்கு நிதி ஒதுக்குவோர், இத்தகைய பெருக்கத்தை முன்பே அறிய, ஆண்டுதோறும் விலங்குகளைக் கணக்கெடுக்கும் செலவையும் முதலிலேயே சேர்க்க வேண்டும்.

வாசகர், கோவை