கிராண்ட் மார்னியே வாங்க வருகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பெப்ரவரி 2ஆம் திகதி ஷாந்தலேர் என்ற கிறிஸ்தவப் பண்டிகை. பிரான்சில் வீட்டுக்கு வீடு கிரேப் என்ற மெல்லிய அப்பம் சுடும் நாள். பிள்ளைகள் கேட்பதால் நம்மவர் வீடுகளிலும் இப்போது சுடுகிறார்கள். அந்த நாட்களில் கடைக்கு வருகிறவர்கள் எங்களிடம் சொல்வது: "கிராண்ட் மார்னியேயும் குவான்ரோவும் ஒன்றுதானே, மலிவானதைத் தாங்கோ."

இரண்டும் தோடம்பழ லிக்கர், அதாவது இனிப்பு மதுபானம்தான், ஆனாலும் ஒன்றல்ல. இரண்டிலும் தோடம்பழத் தோல் உண்டு, இரண்டும் 40 பாகை, அதாவது நூற்றுக்கு 40 பங்கு மதுசாரம். ஆனால் அடியில் இருக்கும் மது வேறு. பிரான்சின் அன்ஜே நகரத்துக் குவான்ரோ நிறமற்றது. பீற்றுச் சீனியிலிருந்து வடித்த, தனக்கென்று மணமில்லாத மதுசாரத்தில் செய்வது. அதனால் தோடம்பழம் மட்டுமே பளிச்சென்று தெரியும். கிராண்ட் மார்னியேயில் ஏறக்குறையப் பாதி கொன்யாக். பிரான்சின் ஷரான்ட் பகுதியின் வெள்ளை வைனைச் செப்புக் கொதிகலனில் இரண்டு முறை வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்தால்தான் அது கொன்யாக். போத்தலின் பொன்னிறத்தைப் பார்த்தாலே அது தெரியும்.

கிராண்ட் மார்னியேக்கு எடுக்கும் தோடம்பழமும் நாம் உரித்துச் சாப்பிடும் இனிப்பு வகை அல்ல, கசப்பு வகை. தோலை உலர்த்தி, மதுசாரத்தில் ஊறவைத்து வடிக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் நாரத்தங்காய்த் தோலை நகத்தால் கீறியது போன்ற மணம் எழும். கிளாசில் கொஞ்ச நேரம் விட்டுவையுங்கள். பின்னால் வனிலாவும் மரமும் மெதுவாக வரும். லூயி அலெக்சாந்தர் மார்னியே லபொஸ்தோல் 1880இல் இந்தக் கலவையைச் செய்தார். சிவப்பு நாடா கட்டிய போத்தல் அதுதான்.

கொன்யாக் இருக்கிறதென்று விஸ்கி அளவுக்கு ஊற்ற வேண்டாம். லிக்கர் என்ற பெயருக்கே, ஐரோப்பியச் சட்டப்படி, லீற்றருக்குக் குறைந்தது 100 கிராம் சீனி இருக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கவனிக்கவும். சாப்பாட்டுக்குப் பின் சின்னக் கிளாசில், வேண்டுமானால் ஒரு ஐஸ் கட்டியோடு, போதும். சைட்கார் என்ற கொன்யாக் கொக்ரெயில் கலப்பவர்களுக்குக் குவான்ரோவையே தருவோம். சைட்காரில் கொன்யாக் ஏற்கனவே இருக்கிறது. சொக்லேற் மூஸ், சூஃப்லே, கேக் என்றால் தயங்காமல் கிராண்ட் மார்னியே. சொக்லேற்றுக்குப் பக்கத்தில் அந்த மர வாசனை நிற்கும் அழகு வேறு எதிலும் இல்லை.

தோடம்பழப் பாகில் பிரட்டும் கிரேப் சுஸெத்துக்கு வெண்ணெய், சீனி, தோடம்பழச் சாறு, துருவிய தோல் சேர்த்துப் பாகு காய்ச்சுங்கள். மடித்த கிரேப்களை அதில் பிரட்டிய பிறகே லிக்கர் விட வேண்டும். முதலிலேயே விட்டால் மணம் ஆவியாகிப் போய்விடும். தீ மூட்டுவதானால் போத்தலிலிருந்து நேரே ஊற்றவே கூடாது, நெருப்பு போத்தலுக்குள் ஏறலாம். அடுப்பை அணைத்து, மேலே இருக்கும் புகைவிசிறியையும் நிறுத்தி, சின்னக் கிண்ணத்தில் அளந்து ஊற்றி, நீளமான தீக்குச்சியால் மூட்டுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். எரித்தால் மதுசாரம் முழுவதும் போய்விடும் என்று பலர் நம்பிப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள். போகாது, பெரும்பகுதி பாகிலேயே தங்கும். பிள்ளைகளுக்கும் மது தொடாதவர்களுக்கும் லிக்கர் விடுவதற்கு முன்பே வேறு சட்டியில் எடுத்து வையுங்கள்.

திறந்த போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கத் தேவையில்லை. இறுக்கி மூடி, வெயில் படாத அலுமாரியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். நாலு பேருக்குக் கிரேப் செய்யவே வாங்குகிறீர்கள் என்றால் பெரிய போத்தல் வேண்டாம். 5 சென்ரிலீற்றர் குட்டிப் போத்தலைக் கேளுங்கள், அது போதும்.

அன்புடன்,
கடைக்காரர்