கோவைத் தோழிக்கு, பூவும் நாரும் பற்றி

பாளையங்கோட்டை,
கார்த்திகை மாதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. கைப்பேசியில் அடிக்கடி பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஏற்பட்ட சந்தோஷம் தனி. அண்ணனுக்குக் கோவைக் குளிர் ஒத்துக்கொண்டதும், பேரன் பள்ளி விட்டதும் நேரே உன்னிடம் ஓடி வருவதும் படிக்க நிறைவாக இருந்தது. அவனுக்கு என் முத்தங்களைச் சொல்.

இங்கே இந்த வருஷம் மழை குறை வைக்கவில்லை. ஆற்றில் நல்ல தண்ணீர். இவருக்குக் கண்புரை அறுவை முடிந்து, இப்போது செய்தித்தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல் படிக்கிறார். சின்னவளுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானங்களில் தெருப் பெண்பிள்ளைகள் வயர் கூடை பின்னக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். பள்ளியில் தையல் வகுப்பு எடுத்த காலத்தைவிட இப்போதுதான் எனக்குப் பொறுமையும் ஆசையும் அதிகமாக இருக்கின்றன.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். புது வீட்டில் சுவரெல்லாம் வெள்ளை, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மருமகள் அன்போடு பிளாஸ்டிக் பூங்கொத்து வாங்கித் தருகிறேன் என்கிறாள், வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம். அவள் மனம் நோகாமல் வேண்டாம் என்று சொல். பிளாஸ்டிக் பூவை வைத்த முதல் வாரம் எல்லாரும் பார்ப்பார்கள். பிறகு அதன் மேல் தூசிதான் ஏறும், கண் அந்தப் பக்கம் போகவே போகாது. நிஜப் பூ அப்படியில்லை. காலையில் தண்ணீர் மாற்ற வேண்டும், வாடியதைக் கிள்ள வேண்டும், நாலு நாளில் வேறு பூ தேட வேண்டும். அந்த வேலைதான் உனக்கு இப்போது தேவை. வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடி ஓடி உழைத்தவள் நீ. சும்மா உட்கார்ந்தால் எந்தச் சுவரும் உனக்கு வெறிச்சென்றுதான் தெரியும்.

வீடு முழுக்க அலங்கரிக்கக் கிளம்பாதே. ஒரு மூலையை எடுத்துக்கொள். வாசல் கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடமாக இருக்கட்டும். அங்கே ஒரு முக்காலி போட்டு, உன் கல்யாணச் சீரில் வந்த பித்தளை உருளியை வை. பரணில் மூட்டை கட்டி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும். முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, காம்பில்லாத செவ்வந்தியையும் கேந்தியையும் மிதக்க விடு. தண்ணீரை அடைத்துப் பூவைக் கொட்டாதே. பாதித் தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அப்போதுதான் பூ மிதப்பது தெரியும். ஓரத்தில் ஒரு வட்டம், நடுவில் நாலைந்து பூ, அவ்வளவுதான்.

இதில் ஒன்றை மட்டும் கவனமாகக் கேள். மழைக்காலத்தில் உருளித் தண்ணீரைத் தினமும் மாற்றிவிடு. டெங்கு கொசு இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை பாத்திரத்தின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு முறையாவது உள்ளே நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பேரன் வந்து போகிற வீடு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அதே காரணத்துக்காக அரளியை வீட்டுக்குள் ஜாடியில் வைக்காதே. அதன் பூ, இலை, தண்டு எல்லாமே நஞ்சு. அது நின்ற தண்ணீரைக்கூடக் குழந்தை குடித்துவிடக் கூடாது.

உயரமான பூங்கொத்துதான் வேண்டும் என்றால் உன் ஊருக்குப் பக்கத்திலேயே சத்தியமங்கலம் இருக்கிறது. மல்லிக்கும் சம்பங்கிக்கும் பேர் போன இடம். மேட்டுப்பாளையம் சாலைப் பூ மார்க்கெட்டில் சம்பங்கியைத் தண்டோடு கேட்டுப் பார். மாலை கட்டுகிற ஒற்றை இதழ் வகை வேறு, ஜாடிக்கு ஏற்ற அடுக்கு வகை வேறு. அடுக்குச் சம்பங்கியில் அடியில் இருக்கிற பூ முதலில் விரியும், மேல் மொட்டுகள் ஒவ்வொன்றாகப் பிறகு விரியும். கீழே வாடியதைக் கிள்ளிக்கொண்டே வந்தால் ஒரு தண்டு பல நாள் மணக்கும். ராத்திரியில் அந்த வாசனை இன்னும் கூடும் என்பதால் படுக்கையறையில் வைக்காமல் கூடத்தில் வை. அண்ணனுக்குத் தலைவலி வரும்.

தண்டை வெட்டும்போது ஒரு வாளித் தண்ணீருக்குள் முக்கிப் பிடித்துக்கொண்டு சாய்வாக வெட்டு. வெளியே வைத்து வெட்டினால் தண்டுக்குள் காற்று புகுந்து தண்ணீர் ஏறும் வழியை அடைத்துவிடும். தண்ணீருக்குள் இருக்கப்போகிற இலைகளை உருவி எறிந்துவிடு, இல்லாவிட்டால் அவை அழுகி இரண்டே நாளில் நாற்றம் எடுக்கும். சர்க்கரை போட்டால் பூ நீடிக்கும் என்று பலர் சொல்வார்கள். கிருமியைத் தடுக்க எதுவும் சேர்க்காமல் சர்க்கரை மட்டும் போட்டால் நம் ஊர் வெக்கையில் கிருமிதான் பெருகும். தினமும் தண்ணீரை மாற்றி, காம்பில் சிறிது நறுக்கிவிடுவதே மேல். பழக்கூடைக்குப் பக்கத்திலும் பூவை வைக்காதே. பழுக்கிற வாழைப்பழமும் ஆப்பிளும் விடுகிற வாயு பூவைச் சீக்கிரம் முதிர வைத்துவிடும்.

ஜாடிக்காகக் காசு செலவழிக்காதே. பழைய ஊறுகாய்ப் பரணி போதும். வாய் அகலமான பாத்திரத்தில் தண்டுகள் சாய்ந்து விழும் என்று நீ கவலைப்படுவாய். அதற்கு வாழைத்தண்டு இருக்கிறது. கனமாக ஒரு வில்லை நறுக்கிப் பாத்திரத்தின் அடியில் வைத்து, கம்பியால் துளையிட்டுப் பூத்தண்டுகளைக் குத்தி நிறுத்து. அழகாக நிற்கும். இரண்டு நாளைக்கு ஒரு முறை வில்லையை மாற்றினால் போதும். மிக உயரமான பூ பாத்திரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும், மற்றவை அதற்குக் கீழே ஏறி இறங்கி இருக்கட்டும். மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையாக வைத்தால் பார்வைக்கு இயல்பாக இருக்கிறது. பூக்களுக்கு நடுவே இடைவெளி விடத் தயங்காதே. கடைப் பூங்கொத்துகளில் எனக்குப் பிடிக்காததே அந்த நெரிசல்தான்.

இன்னொரு ஆசை எனக்கு. நீ மறுபடியும் பூக் கட்ட வேண்டும். விடுதியில் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து நீ கட்டிய பிச்சிச் சரம் எங்கள் எல்லாருடையதையும்விட நெருக்கமாக இருக்கும். ஒரு முழத்தில் அவ்வளவு பூ வைப்பவள் நீ ஒருத்திதான். நூலில் கட்டாதே, வாழைநாரில் கட்டு. காய்ந்த நாரைச் சற்று நேரம் தண்ணீரில் நனைத்து, நகத்தால் மெல்லியதாகக் கிழித்துக்கொள். ஈர நார் காம்பை அறுக்காமல் அணைத்துப் பிடிக்கும். நூலை இழுத்தால் பிஞ்சுக் காம்பு நறுக்கென்று போய்விடும். மார்கழி நெருங்க நெருங்க மல்லி வரத்து குறைந்து விலை ஏறிவிடுகிறது. அதற்காக மலைத்து நிற்காதே. கதம்பத்துக்கு மரிக்கொழுந்தும் செவ்வந்தியும் இருக்கின்றன. கட்டிய சரத்தைத் தலையில் வைப்பது மட்டும் என்ன கணக்கு? அம்மா படத்துக்குப் போடு, ஜன்னல் கம்பியில் தொங்கவிடு. பேரன் உள்ளே நுழையும்போது மணக்கட்டும்.

கட்டுகிற கை எவ்வளவு உயரத்துக்குப் போக முடியும் என்பதைத் தோவாளையில்தான் பார்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் வருகிற அந்த ஊருக்குப் போன மாதம் அத்தை மகள் கல்யாண மாலைக்காகப் போயிருந்தேன். சிவப்பு, வெள்ளை அரளியும் பச்சைக்கு நொச்சி இலையும் வைத்துப் பட்டையாகக் கட்டுகிற மாணிக்க மாலையைக் கண் முன்னே கட்டிக் காட்டினார்கள். ஒவ்வொரு பூவையும் மடித்து, கல் பதித்தது போலத் தட்டையாக உட்கார வைக்கிறார்கள். அதற்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மதுரை மல்லிக்கு 2013-லேயே கிடைத்துவிட்டது. பூவுக்குக் கிடைத்தது சரிதான். பூவைக் கட்டுகிற விரல்களுக்கும் கிடைத்ததுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்தத் தொழிலாளர்களுக்குக் கூலியும் அதற்கேற்ப உயர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இனி ஓலை. கார்த்திகைக்கு இங்கே ஓலைக் கொழுக்கட்டை செய்யக் குருத்தோலை விற்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? இந்த முறை கொழுக்கட்டைக்கு வாங்கியதில் மிஞ்சியதை நிழலில் உலர்த்தி, ஒரே அகலமாகக் கிழித்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அதில் கிளியும் கிலுகிலுப்பையும் செய்துவிட்டார்கள். கிலுகிலுப்பைக்குள் புளியங்கொட்டை போட்டால் சத்தம் நன்றாக வருகிறது. உன் பேரனுக்கு ஒன்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மீதி ஓலையைச் சாயத் தண்ணீரில் கொதிக்க வைத்துச் சிவப்பும் பச்சையும் ஏற்றி, சின்னச் சின்னப் பெட்டிகளாக முடையப்போகிறேன். அப்படி ஒரு பெட்டி உன் முக்காலிக்குப் பக்கத்தில் சாவியும் கண்ணாடியும் போட்டு வைக்க உதவும்.

உன் அம்மாவின் சுங்குடிச் சேலையைப் பற்றி எழுதியிருந்தாய். கிழிந்துவிட்டது, தூக்கிப் போடவும் மனமில்லை, வெட்டித் தலையணை உறை தைக்கட்டுமா என்று கேட்டாய். நான் தையல்காரி, எதையும் வெட்டச் சொல்பவள். ஆனால் இதை வெட்டாதே. கிழிசல் ஓரத்தை உள்ளே மடித்து ஓட்டுத் தையல் போட்டு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கிற வாசலில் திரையாகத் தொங்கவிடு. வெளி ஜன்னலில் போட்டால் வெயிலில் சாயம் வெளுத்துவிடும். உள்வாசலில் காற்று வந்து அந்தப் புள்ளிகள் அசையும்போது அம்மா நடமாடுகிற மாதிரி உனக்குத் தோன்றும். வெட்டுவதற்கு வேறு பருத்திச் சேலைகள் இருக்கின்றன. அவற்றை இரண்டு அங்குலப் பட்டைகளாகக் கிழித்து, மூன்றைச் சேர்த்துச் சடை பின்னி, வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஊசியால் தைத்துக்கொண்டே போனால் நல்ல மிதியடி ஆகிவிடும். துவைக்கலாம், வருஷக்கணக்கில் உழைக்கும்.

மார்கழி பிறக்கப்போகிறது. அடுக்குமாடியில் கோலம் போட வாசல் எங்கே என்று நீ வருந்தியிருந்தாய். பழைய மணைப் பலகையை எடுத்து, பச்சரிசியை ஊற வைத்து வழுவழுவென்று அரைத்து, அதில் துணியை நனைத்து விரல் வழியே ஒழுகவிட்டு மாக்கோலம் போடு. சுற்றிக் காவிக் கரை கட்டு. காய்ந்ததும் கதவோரம் வை. அழுக்கானால் கழுவிவிட்டு வேறு சிக்குக் கோலம் போடலாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கால் வைப்பார்களோ என்ற பயமும் இல்லை. பூசணிப்பூ கிடைத்தால் நடுவில் ஒன்று வை. தோட்டத்தில் யாராவது பறித்துத் தருவதாக இருந்தால் மெலிந்த காம்புள்ள ஆண்பூவாகக் கேள். அடியில் பிஞ்சு திரண்டிருக்கிற பெண்பூவைப் பறித்தால் காய் போய்விடும்.

பூசணிப்பூ என்றதும் சிறுவீட்டுப் பொங்கல் நினைவு வந்துவிட்டது. மார்கழி முழுக்க வாசலில் சாணி உருண்டையில் பூ வைத்து, சாயங்காலம் அதைத் தட்டி வறட்டியாக்கிச் சேர்த்து வைப்போம். தையில் முற்றத்தில் ஆச்சி களிமண்ணால் சின்னச் சுவர் எழுப்பிச் சிறுவீடு கட்டித் தருவாள். அதற்கு அடுக்களை உண்டு, வாசல் உண்டு, கோலம் உண்டு. அதற்குள் பொங்கலிட்டுவிட்டு, பூ வறட்டிகளை ஆற்றுக்குக் கொண்டுபோய்ச் சூடம் ஏற்றி விடுவோம். வீட்டை அழகாக வைத்துக்கொள்ள நமக்கு முதலில் கற்றுக் கொடுத்தது அந்த ஒரு முழச் சுவர்கள்தான் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். இப்போது இந்தத் தெருவில் சிறுவீடு கட்டுகிற வீடு அருகிவிட்டது. இந்தத் தையில் சனிக்கிழமைப் பிள்ளைகளுக்காக எங்கள் பின்வாசலில் கட்டப்போகிறேன். இவர் மண் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் பக்கத்து வழக்கத்தையும் நீ விட்டுவிடாதே. போகியன்று கொங்குநாட்டில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் காப்புக் கட்டுவார்களாமே. அன்றைக்குத் தெருவெல்லாம் பூளைப்பூ விற்கும். இரண்டு கட்டு கூடுதலாக வாங்கி, ஒன்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்து. அந்த வெள்ளைப் பூ காய்ந்தாலும் உருக்குலையாது. பரணியில் தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கும். பூ விலை ஏறிய நாட்களில் உன் மூலைக்கு அதுதான் துணை.

அக்கா மகன் அடுத்த வாரம் கோவைக்கு ரயிலில் வருகிறான். அவனிடம் நார்க் கட்டு ஒன்று, ஓலைப் பெட்டி இரண்டு, கிலுகிலுப்பை, கொஞ்சம் காவிக்கட்டி கொடுத்தனுப்புகிறேன். நாரை ஈரம் படாத இடத்தில் வை, கறுத்துவிடும். உள்வாசலின் உயரம் அகலம் அளந்து எழுது, சேலைத் திரைக்கு மேல்பட்டையும் வளையமும் தைத்து அதே பையனிடம் அடுத்த தடவை அனுப்பி வைக்கிறேன். உருளியைத் தேய்த்து வைத்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அண்ணனுக்கு என் வணக்கம், மருமகளுக்கு அன்பு.

உன்,
பழைய விடுதித் தோழி