வீட்டில் மேட்லேப் திறக்கவில்லையா? ஃபார்மெட் செய்ய அவசரப்படாதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பல்கலைக்கழக விடுமுறை விட்டதும் நம் சுங்கை சிப்புட் கடைக்கு ஒரே குறையோடு மடிக்கணினிகள் வந்து குவிகின்றன. வளாகத்தில் நன்றாக ஓடிய மேட்லேப் (கணக்கீடு), ஆன்சிஸ் (பொறியியல்), எஸ்பிஎஸ்எஸ் (புள்ளியியல்) போன்ற பாட மென்பொருள்கள் வீட்டுக்கு வந்ததும் திறக்க மறுக்கின்றன. போன விடுமுறையில் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா, பொறியியல் இறுதியாண்டு படிக்கும் மகளின் கணினியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். அதற்கு முன்பே வேறோர் இடத்தில் விண்டோஸ் கெட்டுவிட்டதாகச் சொல்லி ஃபார்மெட் செய்து, 120 ரிங்கிட் வாங்கியிருந்தார்கள். மேட்லேப் அப்போதும் திறக்கவில்லை. மகள் ஒரு செமஸ்டர் முழுக்க எழுதி வைத்திருந்த கணக்குகள்தான் அழிந்து போயின. கணினியில் முதலிலிருந்தே எந்தப் பழுதும் இல்லை என்பதை அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மென்பொருள் உங்கள் பிள்ளையின் கணினியில் இருக்கிறது. அதை ஓட்டுவதற்கான அனுமதி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தோட்டத்து ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். மருந்தடிக்கும் பம்பு 20 இருக்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் ஸ்டோர் எழுத்தரான கிராணி புத்தகத்தில் பெயர் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுப்பார். இருபத்தோராவது ஆள், யாராவது திருப்பித் தரும்வரை நிற்க வேண்டியதுதான். உரிமங்களைக் கொடுத்து வாங்கும் பல்கலைக்கழகக் கணினியான உரிம சர்வர்தான் அந்தக் கிராணி. மேட்லேப்பைத் திறந்தவுடன் கணினி அந்தச் சர்வரைத் தேடிப் போய் ஓர் உரிமம் கேட்கிறது. மூடியதும் திருப்பிக் கொடுக்கிறது. விலை உயர்ந்த மென்பொருளை ஆளுக்கொன்றாக வாங்காமல், ஒரு தொகுதி உரிமத்தைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தவே இந்த ஏற்பாடு. மேட்லேப், ஆன்சிஸ் இரண்டும் இதற்கு ஃபிளெக்ஸ்நெட் என்ற ஒரே முறையைத்தான் நம்பியிருக்கின்றன.

இந்தக் கிராணி வளாகத்து வேலிக்குள் மட்டுமே உட்கார்ந்திருப்பார். வீட்டு வைஃபையிலிருந்து கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. விபிஎன் என்ற இணைப்பை முதலில் போட்டால்தான் உங்கள் கணினி வளாகத்துக்குள் இருப்பதாகக் கருதப்படும். அந்த விபிஎன் மென்பொருளும் சர்வர் முகவரியும் பல்கலைக்கழகத்தின் கணினி மையத்திடம்தான் கிடைக்கும். இணையத்தில் தேடி எடுக்கும் இலவச விபிஎன் எதுவும் இதற்கு உதவாது. அவை உங்களை வேறு எங்கோ கொண்டுபோய் விடும், உங்கள் வளாகத்துக்கு அல்ல.

இதில் பிள்ளைகள் அடிக்கடி தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒரு தம்பி கைப்பேசியில் விபிஎன் போட்டுவிட்டு, அதன் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்து, மூன்று நாள் போராடியிருக்கிறார். கைப்பேசியில் போட்ட விபிஎன் பொதுவாகக் கைப்பேசிக்கு மட்டும்தான். ஹாட்ஸ்பாட்டில் வரும் கணினி அதற்கு வெளியேதான் நிற்கும். விபிஎன்னை மடிக்கணினியிலேயே போட வைத்தேன், இரண்டு நிமிடத்தில் மேட்லேப் திறந்தது. இன்னொன்று எடுரோம், அதாவது பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் வைஃபை. தன் பல்கலைக்கழகக் கணக்கை வைத்தே வேறொரு வளாகத்தின் வைஃபையில் நுழைய முடிவதால், தன் வளாகத்தில் இருப்பது போலவே எண்ணிவிடுகிறார்கள். எடுரோம் உங்களுக்குத் தருவது அந்த இடத்து இணையத்தை மட்டுமே. நண்பரின் வளாகத்தில் உட்கார்ந்திருந்தாலும் சொந்தப் பல்கலைக்கழகத்தின் விபிஎன் வேண்டும்.

டேட்டா தீர்ந்துவிடுமே என்று கவலைப்படும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கணக்கெல்லாம் உங்கள் கணினியில்தான் நடக்கிறது. சர்வரோடு போய்வரும் பேச்சு மிகச் சிறியது. மென்பொருளை நிறுவும்போது மட்டும்தான் பல கிகாபைட் இறங்கும். அதை வளாகத்திலேயே முடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஆனால் இணைப்பு நடுவில் அறுந்து, நெடுநேரம் திரும்பாமல் போனால் உரிமமும் கைவிட்டுப் போகலாம். மழைக்கு லைன் அடிக்கடி போகும் தோட்டங்களில் வேலையை உடனுக்குடன் சேமித்து வைப்பது நல்லது.

திரையில் வரும் பிழை எண்ணைத் தயவுசெய்து மூடிவிடாதீர்கள், படம் எடுத்து வையுங்கள். அந்த ஓர் எண் எங்களுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். மேட்லேப்பில் −15 என்றால் சர்வரைத் தொட முடியவில்லை; பெரும்பாலும் விபிஎன் போடவில்லை. −96 என்றால் சர்வரின் பெயரே கண்டுபிடிக்கப்படவில்லை, அல்லது சர்வர் பதில் சொல்லவில்லை. −4 வந்தால் எல்லா உரிமமும் யாரோ எடுத்துவிட்டார்கள். உங்கள் பக்கம் குறையே இல்லை, சற்றுப் பொறுத்து மறுபடி முயலலாம். இந்த −4 எனக்கு மன வருத்தம் தருவது. இரவு மேட்லேப்பைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள், அவசரமாகப் பாடம் ஒப்படைக்க வேண்டிய இன்னொரு பிள்ளையின் உரிமத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

சர்வருக்குள் இணைப்பு நுழையும் வாயில்கள் (போர்ட்) இரண்டு. மேட்லேப்புக்கு முதல் வாயில் வழக்கமாக 27000 என்ற எண்ணில் இருக்கும், ஆன்சிஸுக்கு 1055. அங்கே பேசியதும் அது இரண்டாவது வாயிலுக்கு அனுப்பி வைக்கும். இரண்டாவதன் எண்ணை உரிமக் கோப்பில் நிலையாக எழுதாவிட்டால், சர்வரை அணைத்துப் போடும்போது மாறிவிடலாம். அப்போது முதல் வாயில் திறந்தும் இரண்டாவது, வலையமைப்பின் காவல் தடுப்பான ஃபயர்வாலில் அடைபட்டும் நிற்கும். இதை வீட்டிலோ எங்கள் கடையிலோ சரி செய்ய இயலாது. முதல் வாயில் திறந்திருக்கிறதா என்று சோதித்து, கணினி மையத்துக்கு எழுத வேண்டிய மின்னஞ்சலை உங்களோடு உட்கார்ந்து எழுதித் தருகிறோம். அதற்குக் கட்டணம் இல்லை.

தேதியையும் பாருங்கள். பழைய மடிக்கணினிகளில் உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி செத்தால், அணைத்துத் திறக்கும்போது தேதி பல ஆண்டு பின்னுக்குப் போய்விடும். தேதி தவறாக இருந்தால் விபிஎன்னே இணையாமல் போகலாம். உரிம சர்வரும் நேர வித்தியாசம் அதிகம் என்று மறுத்துவிடலாம். சில ரிங்கிட் பேட்டரியோடு முடிகிற வேலைக்குப் புதுக் கணினி வாங்கக் கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இணையமே சரியாக எட்டாத தோட்டத்துக்குப் போகிறீர்களா? உரிமத்தை முன்கூட்டியே கடன் வாங்கிக்கொள்ளும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. மேட்லேப்பில் வழக்கமாக 30 நாள் வரை வாங்கலாம். பல்கலைக்கழகம் அனுமதித்திருக்க வேண்டும், வளாகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்க வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் மேட்லேப்புக்கு முழு வளாக உரிமம் எடுத்திருக்கின்றன. அங்கே மாணவர் தம் பல்கலைக்கழக மின்னஞ்சலில் நுழைந்தாலே போதும், சர்வரே தேவைப்படாது. ஆகவே முதலில் அதைக் கேட்டுவிடுங்கள்.

உரிமம் இல்லாமலே ஓடும்படி பூட்டுடைத்த பிரதி போட்டுத் தருவீர்களா என்று சிலர் கேட்கிறார்கள். தர மாட்டோம். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு காரணம். அதைவிட, அந்தப் பிரதிகளை நிறுவ வைரஸ் காவலை அணைக்கச் சொல்வார்கள். அதன்பின் பிள்ளையின் ஆய்வுக் கோப்புகளுக்கு நான் பொறுப்பேற்க முடியாது. வழியில்லாதவர்களுக்கு நேர்மையான வழி இருக்கிறது. மேட்லேப்பில் எழுதிய பாடக் கணக்குகளில் பெரும்பாலானவை ஆக்டேவ் என்ற இலவச மென்பொருளில் சிறு மாற்றத்தோடு ஓடும். புள்ளியியலுக்கு ஆர் (R) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆன்சிஸ் நிறுவனமே மாணவர்களுக்கு இலவசப் பதிப்பு தருகிறது. கணக்கின் அளவுக்கு மட்டும் ஒரு வரம்பு உண்டு. இவற்றைப் போட்டுத் தர நாங்கள் தயார்.

கடைக்கு வரும்போது மாணவரும் உடன் வரட்டும், கடவுச்சொல்லை அவரே தட்ட வேண்டும். எங்களிடம் எழுதிக் கொடுக்க வேண்டாம். சார்ஜரையும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
கடைக்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்