மாதிரியோடு புள்ளித் திரளையும் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோட்டையிலும் புறக்கோட்டையிலும் பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பவர்கள் லேசர் ஸ்கேனையும் ‘பிம்’ எனப்படும் கட்டடத் தகவல் மாதிரியையும் கேட்கத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் வேலைகளையும் அவற்றின் அளவு, விலைகளையும் வரிவரியாகப் பட்டியலிடும் பி.ஓ.கியூவில் பல வேளைகளில் அதற்கு ஒரே வரிதான்: ‘லேசர் ஸ்கேனும் முப்பரிமாண மாதிரியும், மொத்தத் தொகை’. பின்னால் வரும் தகராறுகள் பல இந்த வரியிலிருந்தே முளைக்கின்றன.

ஸ்கேனர் மாதிரியைத் தருவதில்லை. செக்கனுக்கு லட்சக்கணக்கில் புள்ளிகளை அளந்து தருகிறது, அவ்வளவுதான். அந்தப் புள்ளித் திரளைப் பார்த்து மாதிரியை வரைபவர் ஒரு மனிதர். அவர் கை தானாகவே சுவரை நேராக்கிவிடும். பழைய கபுக் கல் சுவரொன்று அடியில் 460 மில்லிமீற்றரும் மேலே 430 மில்லிமீற்றரும் தடிப்பாக, நடுவில் 35 மில்லிமீற்றர் வயிறு தள்ளி நிற்கலாம். மாதிரி வரையும் மென்பொருளான ரெவிட்டில் அது 450 மில்லிமீற்றர் தடிப்பில் செங்குத்தாக வந்துவிடும். அதை நம்பித் தொழிற்சாலையில் வெட்டிய அலுமினியச் சட்டம் தளத்தில் பொருந்தாது. எது பிழை என்று பார்க்க, புள்ளித் திரள் ஈ57 கோப்பாக உரிமையாளர் கையில் இருக்க வேண்டும். அது எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொது வடிவம் என்பதால் பத்து வருடம் கழித்தும் திறக்க வழியிருக்கும். மாதிரியில் எத்தனை மில்லிமீற்றருக்கு மேற்பட்ட சரிவை, வளைவை அப்படியே வரைய வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

அடுத்தது, ஸ்கேன்களை ஒன்றோடொன்று இணைக்கும் வேலை. அறைக்கு ஒரு நிலை, அதாவது ஸ்கேனரை நிறுத்தும் ஓர் இடம், வைத்தால் போதும் என்று விட்டால், இரு அறைகளுக்கும் இடையில் பொதுவாகத் தெரியும் பரப்பு குறைந்து, நடுச் சுவரின் தடிப்பே மாறிவிடும். ஒவ்வொரு வாசற்படியிலும் ஒரு நிலை வைத்தே ஆக வேண்டும். சோதிப்பது எளிது: கதவுச் சட்டத்தருகே சுவரின் தடிப்பை டேப்பால் அளந்து, திரளில் அதே இடத்தை அளந்து பாருங்கள். 20 மில்லிமீற்றர் வித்தியாசம் வந்தால் இணைப்பு பிசகிவிட்டது. அறிக்கையில் ‘சராசரிப் பிழை 3 மில்லிமீற்றர்’ என்றிருப்பதைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். ஆகக்கூடிய பிழை எந்த நிலையில், எவ்வளவு என்று கேளுங்கள். கோணத்தையும் தூரத்தையும் துல்லியமாக அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியால் தனியே அளந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இல்லாமல் நீண்ட கட்டடத்தை இணைத்தால், ஒவ்வொரு நிலையிலும் சேரும் சிறு பிழை மறுமுனையில் பெரிதாகி நிற்கும்.

பலகைத் தளமுள்ள மேல்மாடிகளில் யாராவது நடந்தாலே முக்காலி அசையும். கால்களை மரச் சட்டங்களுக்கு நேர் மேலே ஊன்றி, ஸ்கேன் முடியும்வரை எவரும் நடமாடாமல் பார்க்க வேண்டும். வீதிப்பக்க முகப்புக்குப் போயா தின அதிகாலைதான் தோது. கண்ணாடி, நனைந்த தரை, பளபளக்கும் கிரனைட் எல்லாம் பொய்ப் புள்ளிகளைத் தரும். சீலிங்குக்கு மேலே உள்ளதை ஸ்கேனர் காணாது. பலகைகளைக் கழற்றியே ஆக வேண்டும்.

ஆள்கூறுகளிலும் ஒரு பொறி உண்டு. இலங்கையின் தேசிய ஆள்கூற்று முறையான எஸ்.எல்.டி.99 இல் கொழும்பின் கிழக்கு ஆள்கூறு ஏறத்தாழ 400,000 மீற்றர், வடக்கு 490,000 மீற்றர். ரெவிட்டோ தன் மையத்திலிருந்து சுமார் 16 கிலோமீற்றருக்கு அப்பால் துல்லியத்தை இழந்துவிடும். கோடுகள் சிதறும், அளவுகள் பிசகும். தளத்துக்குள்ளேயே ஒரு தொடக்கப் புள்ளியை வைத்து, அதன் உண்மையான ஆள்கூறை ஒரே ஆவணத்தில் எழுதி, ஏ.சி., மின், கட்டமைப்புக் குழுக்கள் எல்லாம் அதையே எடுக்க வேண்டும்.

புதிய தொடர்மாடிகளுக்கு இதைவிட அவசரமான தேவை ஒன்று உண்டு. உள்ளே எஃகுக் கம்பிகளை இழுத்து இறுக்கிய முன்தகைப்புச் சிலாப்பில் 12.7 மில்லிமீற்றர் கம்பி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 14 தொன் விசையில் இழுத்துப் பூட்டப்படுகிறது. பின்னாளில் குழாய்க்குத் துளை போடுபவர் அதை அறுத்தால் சிலாப்பின் வலுவே போகும். கொங்கிரீட் ஊற்றுவதற்கு முன், கம்பிகள் திறந்து கிடக்கும் அந்தச் சில மணி நேரத்திலேயே ஸ்கேன் எடுத்தாக வேண்டும். தாழ்ந்த கோணத்தில் முன்கம்பி பின்கம்பியை மறைக்கும் என்பதால் 5, 6 மீற்றருக்கு ஒரு நிலை தேவை. ஊற்றிய பின்னும் மறையாத தூண் குறிகளோடு அதைப் பிணைக்க வேண்டும். இல்லாவிட்டால் துளை போடும் நாளில் கம்பி எங்கே என்று தரையில் காட்ட முடியாது. ஈரக் கொங்கிரீட்டின் பாரத்தில் அதைத் தாங்கும் அச்சுப் பலகை சற்று இறங்குவதால் உயரத்தைச் சில மில்லிமீற்றர் தளர்வோடுதான் எடுக்க வேண்டும்.

நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபை தன் நியமக் கேள்விப்பத்திர (டெண்டர்) ஆவணங்களில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள், இணைப்பு அறிக்கை, ஈ57 கோப்பு, மாதிரி, கொங்கிரீட்டுக்கு முந்திய ஸ்கேன் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக, தனித்தனி விலையோடு சேர்க்க வேண்டுமென வேண்டுகிறோம்.

கட்டட அளவைத் துறையில் பணிபுரிவோர்,
கொழும்பு 13.