புறம்போக்கைச் சோலையாக்கியவர்களுக்கு நன்றி மடல்

பேரன்புடையீர், வணக்கம்.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில், ஓடைக்கரையை ஒட்டிய புறம்போக்கு நிலம் சீமைக் கருவேலம் மண்டிய குப்பைமேடாகவே நெடுங்காலம் கிடந்தது. இன்று அங்கே வேம்பும் புங்கனும் வெள்வேலும் ஆளுயரம் கடந்து வளர்ந்து, ஊரார் யாவரும் வந்து அமரும் சோலையாகியுள்ளன. துணைநின்ற அனைவருக்கும் மரக்குழுவின் சார்பில் இம்மடலை வரைகிறோம்.

முதல் நன்றி ஆடு வளர்ப்போருக்கு உரியது. சொந்தமாகக் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலம், இல்லாத குடும்பங்களுக்கு அந்தப் புறம்போக்கும், அதில் உதிரும் கருவேலங்காயுமே கோடைத் தீனியாக இருந்தன. அப்படியிருந்தும், மரக்கன்றுகள் தலையெடுக்கும்வரை ஆடுகளை உள்ளே விடுவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் நீங்கள் கொடுத்த வாக்கை, மழை பொய்த்த நாட்களிலும் காப்பாற்றினீர்கள். பணமாக வந்த எந்த நன்கொடையையும்விட இதையே பெரிதாக நாங்கள் மதிக்கிறோம். விறகுக்குச் சீமைக் கருவேல மரங்களையே நம்பியிருந்த தாய்மார்களின் விட்டுக்கொடுத்தலும் இதற்குச் சற்றும் குறைந்ததன்று. வெள்வேலின் விதைத்தோல் கெட்டியானது. காயைத் தின்ற ஆட்டின் வயிற்றில் அது இளகுவதால், பட்டியில் புழுக்கையோடு கிடைக்கும் விதையே நன்றாக முளைக்கும் என்று சொல்லி, கூடை கூடையாக அள்ளித் தந்தவர்களும் நீங்களே.

19-ஆம் நூற்றாண்டில் விறகுக்கென வெளிநாட்டிலிருந்து வந்த சீமைக் கருவேலம், தரைமட்டத்தில் வெட்டினால் மீண்டும் துளிர்த்துவிடும். அதனால் ஒவ்வொரு தூரையும் வேரோடு பொறுமையாகப் பெயர்த்தெடுத்து, டீசல் செலவை மட்டும் பெற்றுக்கொண்ட பொக்லைன் ஓட்டுநர்களுக்கும், அடியில் சுக்கான் பாறை தட்டிய இடங்களில் கடப்பாரை கொண்டு குழியெடுத்த பெண்களுக்கும் எங்கள் வணக்கம். தீர்மானம் நிறைவேற்றிய ஊராட்சிக்கும், கன்றுகள் வழங்கிய வனத்துறை நாற்றங்காலுக்கும் நன்றி.

இப்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே பெருமழை. நட்ட கன்று பங்குனி, சித்திரை வெயிலைத் தாண்டினால்தான் பிழைக்கும். தம் தென்னைகள் வாடிய வேளையிலும் கிணற்றுநீரை எங்களுக்குத் திறந்துவிட்ட தோட்டத்து அய்யாவின் பெயரை, அவர் வேண்டாமென்றதால் இங்கு எழுதவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து இங்குள்ள காற்றாலைகளைச் சுழற்றும் ஆடிக்காற்று, இளங்கன்றுகளைச் சாய்த்து, மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஒவ்வொரு கன்றுக்கும் முட்டுக்குச்சி நட்டுக் கட்டி, பனையோலைத் தட்டி வைத்த பள்ளிப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் அப்போது கண்கூடாகப் பார்த்தோம். கம்பிவேலிக்குப் பணம் போதாதபோது, கிளுவைக் குச்சிகளை வெட்டி வந்து நட்டு உயிர்வேலி அமைத்த காட்டுக்கார விவசாயிகளையும் நன்றியோடு நினைக்கிறோம்.

உயிர்வேலியை ஒட்டிக் கொழுக்கட்டைப் புல் இப்போது நன்றாகப் பிடித்திருக்கிறது. மேய்ச்சலை விட்டுக்கொடுத்த குடும்பங்களே அதை முறைவைத்து அறுத்துக்கொள்ளலாம் என மரக்குழு முடிவு செய்துள்ளது. முறைப்பட்டியல் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட்டுள்ளது.

நன்றியுடன்,
மரக்குழுவினர்