செயலாளரின் ஆண்டறிக்கை – 2015

தலைவர், நிர்வாகசபையினர், வந்திருக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல், கோடைகால ஒன்றுகூடல், வாணிவிழா வழமைபோல் நடந்தன. விளையாட்டுப் போட்டி மழையால் நின்றுபோனது.

இனி, பலரும் காதுக்குள் கதைக்கும் விடயம். பாரிசில் நம் கடைகள் இருக்கும் லாச்சப்பல் பகுதியின் மெட்ரோப் பாலத்தின் கீழ் சூடான், எரித்திரியப் பொடியள் கூடாரம் போட்டிருந்ததை மாதக்கணக்கில் பார்த்தோம். மரக்கறிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கரையால் போனோம். ஜூன் 2 ஆம் திகதி பொலிஸ் கூடாரங்களை அகற்றியது. சிலரை விடுதிகளுக்கு ஏற்றினார்கள். மிச்சப்பேர் சென் பெர்னார் தேவாலயப் பக்கமும், பிறகு நம் பிள்ளையார் கோயில் இருக்கும் பஜோல் வீதியிலும் வந்து படுத்தார்கள். 8 ஆம் திகதி அங்கிருந்தும் இழுத்துப்போனார்கள்.

அந்த வாரம்தான் அவர்களுக்குச் சமைக்கச் சங்கத்தின் பெரிய பாத்திரமான கிடாரத்தை வெளியில் எடுத்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய். மிளகாய்த்தூளைக் குறைத்துத்தான் போட்டோம். பச்சைமிளகாய் கேட்டு வாங்கிக் கடித்தார்கள். ரமழான் நோன்பு தொடங்கியதும் சாப்பாடு இரவு பத்து மணிக்குப் போனது, ஜூனில் பாரிசில் பொழுதுபட அவ்வளவு நேரமாகும். கிறிஸ்தவர்களான எரித்திரியர் சிலரும் முந்திச் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். ஒரு பொடியன் பிளாஸ்டிக் பைக்குள் இருந்து கடிதமொன்றை எடுத்து நீட்டினான். இத்தாலியில் கைரேகை கொடுத்துவிட்டானாம், ஐரோப்பாவின் டப்ளின் அகதிச் சட்டப்படி அங்கேதான் திரும்பிப் போகவேண்டுமாம். ஒவ்ப்ரா என்னும் அகதி அலுவலகத்தில் நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டுக் கொமிசன் வரை அலைந்தவர்கள் நம்மிலேயே எத்தனை பேர்! அந்தக் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஒருவரும் வரவில்லை.

அனுமதி வாங்கினீர்களா என்று கேட்கிறார்கள். கூட்டம் கூட்டினேன், முடிவெடுக்கத் தேவையான ஆட்கள் (கோரம்) சேரவில்லை. அரிசி, பருப்பு ஒரு கடைக்காரர் தந்தது. காஸ் செலவு மட்டுமே சங்கக் காசு. “சாப்பாடு போட்டால் போகமாட்டாங்கள், வியாபாரம் கெடும்” என்றார் ஓர் அண்ணை. எண்பதுகளில் ஓர் அறையில் பத்துப்பேர் முறைவைத்துப் படுத்தபோது, மேல்மாடிக்காரர் நம்மைப் பற்றியும் இதைத்தான் சொன்னாராம். அந்தக் கதையை எனக்குச் சொன்னவரே இந்த அண்ணைதான்.

செப்டெம்பரில் கடற்கரையில் கிடந்த சிரியக் குழந்தையின் படத்தை முகநூலில் போட்டு அழுதவர்கள் நம்மில் நிறைய. கிடாரம் கழுவ வந்தவர்கள் மூன்று அக்காமாரும் ஒரு மாணவனும்.

பொருளாளர் சுகவீனம் என்பதால் விரிவான கணக்கு பிறகு வரும். வரவும் செலவும் ஏறக்குறைய சரி. சந்தாவைப் பாதிப்பேர் கட்டவில்லை, முன்வரிசையில் இருப்பவர்கள் சிலரும் அதில் அடக்கம்.

மண்டபம் தந்த மாநகரசபைக்கும், ஒலியமைத்தவருக்கும், நிர்வாகசபைக்கும் நன்றி.

இப்போது ஒரு ஸ்ரேசன் தள்ளி, ஸ்ராலின்கிராட் பாலத்தின் கீழும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நான் இனிச் செயலாளராக நிற்பதில்லை என்று வீட்டில் முடிவெடுத்திருக்கிறார்கள். விண்ணப்பப் படிவங்கள் வாசல் மேசையில் உள்ளன, இதுவரை ஒன்றுகூட நிரம்பவில்லை. சந்தாப் புத்தகமும் அங்கேதான் இருக்கிறது.